தகடும் மெழுகும்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால், மண்ணிவாக்கம் தாண்டி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஏறியதும் காட்சி மாறுகிறது. மருந்துக் கடை, பிரியாணிக் கடை, நகை அடகுக் கடை என்று வரிசையாக வந்தவை குறைந்து தகரக் கூரை போட்ட பட்டறைகள் ஆரம்பிக்கின்றன. படப்பையை நெருங்கும்போது கட்டிங் மிஷின் சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது. வடக்கே திரும்பினால் மணிமங்கலம். நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய ஊர். நேரே போனால் ஒரகடம். 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் என்று ஆலைகள் வந்த பிறகு இந்தச் சாலையில் ஷிப்ட் பஸ்ஸும் ட்ரெய்லர் லாரியும் ஓய்ந்து பார்க்க முடியாது. சாலையோர ஏரி நிறைந்திருந்தாலும் வற்றிக் கிடந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சில்லறை வேலைகளை முடித்துக் கொடுத்து இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவதில் அந்தத் தகரக் கூரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பட்டறை வாசலில் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. ஒரு சிறுவன் உள்ளே நுழைந்து தவழ்ந்து போகலாம், அவ்வளவு பெரிய சதுரக் குழாய்கள். வெள்ளி நிறத்து ஜி.ஐ. தகட்டை மடித்துச் செய்தவை. ஆலைகளிலும் பெரிய அலுவலகங்களிலும் கூரையை ஒட்டி ஏசி காற்றைக் கொண்டுபோகிற டக்ட். சில நேராக இருந்தன. சில முழங்கை போல மடங்கியிருந்தன. ஒன்று அகன்ற வாயில் தொடங்கி ஒடுங்கி முடிந்தது. இன்னொன்றுக்கு மூன்று பக்கமும் வாய். கிட்டப் போய்ப் பார்த்தால் தகட்டின் மேல் துத்தநாகம் பூப்பூவாக உறைந்திருக்கிறது. ஒவ்வொரு முகத்திலும் மூலைக்கு மூலை ஒரு மெல்லிய மடிப்பு, பெருக்கல் குறி மாதிரி. காற்று ஓடும்போது தகடு அதிர்ந்து டமடமவென்று அடிக்காமலிருக்க அந்த மடிப்பு என்று பட்டறைக்காரர் சொன்னார். 24 கேஜ் தகட்டை ஷியரிங்கில் வெட்டி, ஓரத்தை லாக் மிஷினில் விட்டு எடுக்கிறார்கள். ஒரு ஓரம் பள்ளமாகவும் மற்றது நாக்காகவும் வெளியே வருகிறது. நாக்கைப் பள்ளத்தில் செருகி, மரச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனால் நான்கு பக்கமும் கூடி நிற்கிறது. அந்த மூட்டில் வெல்டிங்கும் இல்லை, ஆணியும் இல்லை.

நான் படப்பைக்குப் போனதே இதைப் பார்க்கத்தான். ஷார்லோட்டே போசனென்ஸ்கே என்ற ஜெர்மன் பெண்மணி 1967-இல் செய்த சிற்பங்கள் பார்வைக்கு அச்சாக இப்படித்தான் இருக்கும். கலைப் புத்தகங்களில் படங்களைப் பார்த்தபோதெல்லாம் இந்தத் தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். போனில் இருந்த படத்தைப் பட்டறைக்காரரிடம் காட்டினேன்.

"டக்ட்டுதான சார் இது. எந்த ப்ளான்ட்?"

"ப்ளான்ட் இல்லண்ணே. மியூசியம். இது சிலை மாதிரி."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று தேடினார். ஓரத்தில் போல்ட் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "என்னா வெலைக்குக் குடுத்தாங்க?"

"லாபமே வைக்கலண்ணே. செஞ்ச செலவு எவ்வளவோ அதான் விலை. எத்தனை பேர் கேட்டாலும் செஞ்சு தரலாம்னு சொன்னாங்க."

"அப்ப அந்தம்மா சோத்துக்கு என்ன பண்ணாங்க?"

கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் இந்தக் கேள்வி இவ்வளவு நேராக வந்து நான் படித்ததில்லை.

அந்த அம்மாவின் கதை சுருக்கமானது. 1930-இல் வீஸ்பாடனில் பிறந்தார். தந்தை யூதர், நாஜிகளின் கையில் சிக்கப் போகிறோம் என்ற அச்சத்தில் 1940-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் ஒளிந்து வாழ்ந்து போர் முடியும்வரை தப்பினார். பிறகு ஸ்டுட்கார்ட்டில் வில்லி பௌமைஸ்டரிடம் ஓவியம் படித்தார். அரங்க வடிவமைப்பு வேலை பார்த்தார். பாலெட் கத்தியால் நிறத்தை இழுத்து வரைந்த அருவ ஓவியங்கள், ஸ்ப்ரே ஓவியங்கள் என்று போய்க்கொண்டிருந்தவர் 1960-களின் நடுவில் காகிதத்தையும் அலுமினியத் தகட்டையும் மடிக்க ஆரம்பித்தார். வரைந்த கோடு மடிப்பாயிற்று. ஓவியம் சுவரை விட்டு எழுந்து சிற்பமாயிற்று. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, அவ்வளவுதான் நிறம். அதையும் தொழிற்சாலைப் பெயின்டாகவே அடித்தார். 1967-இல் நிறத்தையும் விட்டார். ‘டி’ வரிசை என்று பெயரிட்ட சதுரக் குழாய்கள் வந்தன. மொத்தம் ஆறு விதத் துண்டுகள். துத்தநாகம் பூசிய தகட்டில் ஆலையே செய்து தரும். வாங்குகிறவர் தன் விருப்பப்படி எப்படி வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். ‘டிடபிள்யூ’ வரிசையில் தகட்டுக்குப் பதில் அட்டை. ஆஃபன்பாக் நகரத்தில் சாலை நடுவே இருக்கும் திட்டில் இந்தக் குழாய்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். போகிறவர் வருகிறவர் அதைக் காற்றுக்குழாய் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

கையெழுத்து இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, லாபம் இல்லை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் கலைச் சந்தைக்குப் பிடிமானம் ஏது? 1968 மே மாதம் ஒரு கலை இதழில் தன் அறிக்கையை வெளியிட்டார். அவசரமான சமூகப் பிரச்சினைகளைத் தீர்க்கக் கலையால் எதுவும் செய்ய முடியவில்லை என்பதை ஏற்றுக்கொள்வது தனக்குக் கடினமாக இருக்கிறது என்பது அதன் சாரம். அந்த ஆண்டோடு கலையை விட்டார். சமூகவியல் படித்தார். தொழிற்சாலை வேலை முறைகளை, ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று நிர்வாகம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஆராய்ந்தார்; கணவரோடு சேர்ந்து அதைப் பற்றி 1979-இல் புத்தகமே எழுதினார். 1985-இல் காலமானார். அவருடைய குழாய்கள் 2007-இல் டாக்குமென்டா கண்காட்சியிலும் 2019-இல் அமெரிக்காவில் டியா பீக்கன் அருங்காட்சியகத்திலும் நின்றன. உயிரோடிருந்த காலத்தில் கிடைக்காத பெயர்.

சோற்றுக்கு என்ன செய்தார் என்பதற்கு நான் சொன்ன பதில்: "சிலை செய்யறத விட்டுட்டாங்கண்ணே. தொழிலாளிங்களப் பத்திப் படிக்கப் போயிட்டாங்க." பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தார்.

அதே கேள்வியைச் சென்னையில் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அதே வருடங்களில் கேட்டார்கள், வேறு பதில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதில் இன்னும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலமாகவும் வீடாகவும் நிற்கிறது. படப்பையிலிருந்து அங்கே போக வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையும் உண்டு. நான் தாம்பரத்துக்கே திரும்பி ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போனேன். காரணம் குரோம்பேட்டை.

குரோம்பேட்டையில் தினமும் இறங்கி ஏறுகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு தோல் தொழிற்சாலையால் வந்தது தெரிந்திருக்கும். 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி. குரோம் உப்பில் தோல் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பார்த்துப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் சாட்டர்டன். இந்த சாட்டர்டன்தான் 1898-இல் எழும்பூர் அருகேயுள்ள கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தவர். நம் அம்மாக்களின் சமையற்கட்டுக்குள் அலுமினியம் நுழைந்தது ஒரு கலைப்பள்ளியின் வாசல் வழியாக. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அந்தக் காலத்தில் அங்கே மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை என்று கைத்தொழிலுக்குத்தான் முதல் இடம். 1930 வாக்கில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகே ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை அவர் செய்தது, 1959-இல் திறந்தார்கள். ராய் சௌத்ரிக்குப் பின் 1957-இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பல்லாவரம் வந்ததும் வலப்பக்கம் துரைப்பாக்கம் போகிற ரேடியல் சாலையில் திரும்ப வேண்டும். திரும்பும் முன் ஒரு வார்த்தை. 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கல் கோடரியைப் பொறுக்கி எடுத்தார். இந்தியாவில் மனிதனின் வரலாறு எழுத்துக்கும் இரும்புக்கும் எவ்வளவோ காலத்துக்கு முந்தையது என்று காட்டிய கல் அது. அந்த வகைக் கைக்கோடரிகளை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அதன் சமச்சீர்தான். வெட்டுவதற்குத் தேவையான அளவுக்கு மேலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இருபுறமும் தட்டித் தட்டி ஒரு துளி வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் எந்த மிருகத்தையும் எந்த முகத்தையும் அதில் செதுக்கவில்லை. வடிவம் வடிவத்துக்காகவே கண்ணுக்கு இனிக்கும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தியல்ல என்று நான் நம்புவதற்கு அந்தக் கல் எனக்குப் போதும்.

ரேடியல் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பை வகிர்ந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் நாரையும் நீர்க்கோழியும், மறுபக்கம் அடுக்குமாடி. பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே சோழிங்கநல்லூர் வரை போய், பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மறுபடி வடக்கே வந்தால் ஈஞ்சம்பாக்கம். இந்த வழியில் இன்று பெருநகரத்தின் அத்தனை நெரிசலும் உண்டு. 1966-இல் இந்தக் கடற்கரை சவுக்குத் தோப்பும் மணல்மேடும் மீனவர் குப்பமுமாக இருந்தது. அந்த ஏப்ரலில்தான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

பணிக்கரின் நெருக்கடி எளிமையானது, கடுமையானது. ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் கலைப்பள்ளியை விட்டு வெளியே வருகிறார்கள். படம் வாங்க ஊரில் ஆள் இல்லை. படித்த ஓவியர் துணிக்கு டிசைன் போடவோ விளம்பர போர்டு எழுதவோ போய், சில வருடத்தில் தூரிகையை மறந்துவிடுகிறார். பணிக்கருக்கே இந்த வலி தெரியும். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர்; குடும்பத்துக்காக இளம் வயதில் படிப்பை விட்டுத் தந்தி இலாகா வேலைக்குப் போனார்; 25 வயதில்தான் கலைப்பள்ளிக்குள் மாணவராக நுழைய முடிந்தது. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியதிலும் அவர் பங்கு பெரியது. அவரும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த வழி பாத்திக்.

பாத்திக் செய்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று தெரியும். துணியில் எங்கே நிறம் ஏறக் கூடாதோ அங்கே உருகிய மெழுகைப் பூச வேண்டும். மெழுகு சூடு குறைந்தால் துணிக்குள் இறங்காது. சூடு கூடினால் பரவிக் கோடு கெட்டுவிடும். பிறகு சாயத்தில் முக்கி, காயவைத்து, அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு. இளநிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிக்க வேண்டும். கடைசியில் வெந்நீரில் மெழுகைக் கழற்றினால், மெழுகு வெடித்த இடத்திலெல்லாம் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அந்த நரம்புக் கோடு யார் கையிலும் அடங்காது. ஓவியர்கள் இந்தத் துணிகளை விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது. கைவினைக்காக ஒரு சங்கம் வைத்து, விற்ற பணத்தைச் சேர்த்து, முப்பது நாற்பது பேர் கூடி ஈஞ்சம்பாக்கத்தில் 8, 10 ஏக்கர் அளவு நிலம் வாங்கினார்கள். அரசாங்கம் தானமாகக் கொடுத்த நிலமல்ல. செல்வந்தர் ஒருவர் எழுதி வைத்ததுமல்ல. மெழுகும் சாயமும் வாங்கித் தந்த நிலம். காலையில் சோற்றுக்குக் கைவினை, மீதி நேரம் முழுக்கத் தன் ஓவியம். யாரும் வாங்காத படத்தையும் தைரியமாக வரையலாம்.

இதை ஷார்லோட்டே அம்மாவின் பதிலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1966-இல் சோழமண்டலம், 1967-இல் சதுரக் குழாய், 1968-இல் அவர் விலகல். அவர் கலையைச் சந்தையிலிருந்து மீட்க அதன் விலையை இறக்கினார், கையெழுத்தை எடுத்தார், கடைசியில் தானே வெளியேறினார். இவர்கள் ஓவியத்தைச் சந்தையிலிருந்து காக்க வேறொரு சரக்கைச் சந்தைக்கு அனுப்பினார்கள். அவருடைய நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் ஈஞ்சம்பாக்கத்துப் பதில்தான் பெரியது என்று எனக்குப் படுகிறது. அதில் ஒருவர் தனியாகத் துறக்கவில்லை. பலர் கூடி வாழ்ந்தார்கள்.

வாழ்ந்த விதம் வடிவத்திலும் தெரிகிறது. கிராமத்துக்குள் 2009-இல் திறந்த தற்காலக் கலை மையத்தில், கலைப்பள்ளியைச் சுற்றி உருவான சென்னை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கின்றன. பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு முன்னால் யாராக இருந்தாலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் காவியும் மஞ்சளும் பூசிய ஒரு பரப்பு. அதன் மேல் நெருக்கமாக எழுத்து. படிக்கலாம் என்று கிட்டப் போனால் ஓர் எழுத்தும் கூடவில்லை. மலையாளம் போலத் தெரிகிறது, மலையாளம் இல்லை. கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டம், ஒரு மீன், ஒரு மாடு, சுழி. வேறு யாருடைய ஜாதக ஓலையையோ எதேச்சையாகக் கையில் எடுத்துவிட்டது போன்ற கூச்சம் வருகிறது. அதில் ஓர் உயிரின் கணக்கு இருக்கிறது, நமக்குச் சொல்லப்பட்டதல்ல. வணிகவியல் படிக்கிற ஓர் இளைஞனின் கணக்கு நோட்டைப் பார்த்ததிலிருந்து இந்த வரிசை பிறந்ததாகப் பணிக்கரே எழுதியிருக்கிறார். எண்களும் கோடுகளும் கட்டங்களும் அர்த்தத்தை விட்டுவிட்டு வெறும் அழகாக அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன.

ஐரோப்பிய அருவக் கலை இந்தியாவுக்குள் வந்த கதை நீளமானது. ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களான கிளீ, காண்டின்ஸ்கி படங்கள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் மாட்டப்பட்டன. 1954-இல் ஐரோப்பா போய்வந்த பணிக்கரும் அங்கே நடந்ததை நேரில் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து அவர் கேட்டது, நம்மிடம் என்ன இருக்கிறது என்று. கோடு இருக்கிறது என்பது சென்னைக்காரர்கள் கண்ட விடை. கோலத்தின் கோடு, செப்புத் திருமேனியின் விளிம்பு, ஏட்டில் எழுத்தாணி கீறியது. ஜெர்மனியில் மினிமலிசம் ஆலைத் தகட்டிலிருந்து கையின் தடத்தைத் துடைத்தெடுத்தது. சென்னையின் அருவம் கையின் தடத்தையே முதலாக வைத்துக்கொண்டது. ஓவியர் விஸ்வநாதன் முக்கோணத்தையும் சதுரத்தையும் எடுத்துக்கொண்டு 1968-இல் பாரிஸ் போனார். கே.வி. ஹரிதாசன் தாந்திரீக யந்திரங்களின் வடிவியலிலிருந்து தன் நிறங்களைக் கட்டினார். இவர்களுடைய படங்கள் எவ்வளவு குறைந்த உருவங்களில் நின்றாலும் குளிர்ச்சியாக இருப்பதில்லை.

சிற்பத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைக் கையிலெடுத்தபோது, கோயில் மூலவருக்குக் கவசம் செய்கிற கம்மாளர்களின் வேலையை உள்வாங்கிக்கொண்டார். தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி முன்பக்கம் புடைக்க வைப்பது, அதன்மேல் கம்பியை வளைத்து ஒட்டிக் கோடாக்குவது. அதனால் அவருடைய சிற்பங்களைச் சுற்றிவந்து பார்க்கத் தேவையில்லை. சந்நிதியில் நிற்பதுபோல நேரெதிரே நிற்க வேண்டும். ஒரு கிறிஸ்து உருவம் என்றால் முகத்தின் பாதியைத் தகட்டின் வளைவும் மீதியைக் கம்பியும் சொல்லிவிடும். கிட்டப் பார்த்தால் சுத்தியலின் ஒவ்வொரு அடியும் குழியாகத் தெரிகிறது. படப்பையில் அந்தப் பட்டறைக்காரர் மரச் சுத்தியலால் தட்டியது தடம் விழக்கூடாது என்பதற்காக. ஜானகிராம் தட்டியது தடம் விழ வேண்டும் என்பதற்காக. ஒரே தகடு, ஒரே கருவிக் குடும்பம், வேலை வேறு.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் 1946-இல் பிறந்தவர். முதலில் இயற்பியல் படித்துவிட்டுக் கலைப்பள்ளிக்கு வந்தார். பித்தளையும் செம்புமாக வெல்டிங் செய்து எழுப்பிய அவருடைய சிற்பங்கள் வாகனம் போலவும் தேர் போலவும் மரம் போலவும் ஒரே சமயத்தில் தெரியும். எந்த ஒன்றாகவும் முடிந்துவிடாது. தந்தை 1977 ஜனவரியில் மறைந்த பின் இந்தக் கிராமத்தை 2017-இல் தன் மறைவு வரை தோளில் சுமந்தவர்களில் அவர் முதன்மையானவர். அந்தக் கலை மையம் எழுந்ததற்கும் அவருடைய விடாமுயற்சியே பெரிய காரணம். வெளியே மரநிழலில் பல நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய கருங்கற்கள் நிற்கின்றன. குழந்தைகள் ஏறி விளையாடத் துடிக்கும் கற்கள். நான் போனபோதும் ஒரு தாய் தன் மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இயக்கத்தின் ஆட்கள் எல்லோரும் கடற்கரையில் குடியேறவில்லை. தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு மிக நெருக்கமானவர் கே.எம். ஆதிமூலம். துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். இவருக்கும் சோறு துணியிலிருந்துதான் வந்திருக்கிறது. காந்தி நூற்றாண்டில் காந்தியைக் கறுப்பு மைக் கோடுகளில் வரிசையாக வரைந்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோட்டுச் சித்திரங்களை ஜூனியர் விகடனில் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அதே கை கேன்வாஸுக்குப் போனபோது உருவம் முழுக்க உதிர்ந்து நிறம் மட்டும் மிஞ்சியது. வயலா வானமா என்று சொல்ல முடியாத பெரிய நிறப் பரப்புகள். 2008-இல் காலமானார். இன்னொருவர் அச்சுதன் கூடல்லூர். தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் பொறியாளர். கலைப்பள்ளியில் சேர்ந்து படித்தவரல்ல. அங்கே மாலையில் கூடும் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வந்து உட்கார்ந்து வரைந்தே ஓவியரானவர். உருவங்களில் தொடங்கி மெல்ல அவற்றை விட்டு, சிவப்பிலும் நீலத்திலும் மட்டும் பேச ஆரம்பித்தார். 1988-இல் தேசிய லலித் கலா அகாதமி விருது, 2022-இல் மறைவு. பாலத்துக்கும் கட்டடத்துக்கும் கணக்குப் பார்க்கிற துறையிலிருந்து வந்த ஒருவர் எந்தக் கணக்குக்கும் அடங்காத நிறத்துக்குப் போனார் என்பது எனக்கு அலுக்காத செய்தி.

மையத்தின் கடையில் புத்தகங்கள் புரட்டினேன். வெளியே வந்து கிராமத்துச் சந்துகளில் கொஞ்சம் நடந்தேன். வீடுகள் தனித்தனியாக, ஒன்றின் சாயல் இன்னொன்றில் இல்லாமல் இருக்கின்றன. சில வாசல்களில் சிற்பம், சிலவற்றில் துணிக்கொடி. கடல் பக்கம் பாரதி பெயரில் திறந்தவெளி அரங்கு உண்டு. ஒரு காலத்தில் கவிதையும் நாடகமும் நடனமும் அங்கே நடந்தன. சுற்றிலும் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. இன்று படப்பையிலோ மணிமங்கலத்திலோகூட முப்பது ஓவியர்கள் தங்கள் கைவினை வருமானத்தில் கூட்டாக நிலம் வாங்கும் நிலை இல்லை. அங்கே மனை விளம்பரப் பலகைகளில் சதுர அடிக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது உறைக்காமல் இருக்காது. கலைக் கல்லூரியிலிருந்து இன்றைக்கு வெளியே வருகிற பிள்ளைகள் அனிமேஷனுக்கும் சினிமா செட்டுக்கும் ஃபிளெக்ஸ் டிசைனுக்கும் போகிறார்கள். போகட்டும், பாத்திக்கும் ஒரு நாள் அப்படித்தான் இருந்தது. அந்தப் பணத்தை ஒன்றுசேர்க்க ஒரு பணிக்கர் வேண்டும்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். சென்னை இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓவியத்துக்கு ஐம்பது பக்கம் ஒதுக்கினால் பாத்திக்குக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். அந்தத் துணிகள் யார் வீட்டு ஜன்னலில் தொங்கின, யார் தோளில் கிடந்தன, எத்தனை வெளுத்துக் கிழிந்து போயின? மெழுகு காய்ச்சிய அடுப்பு எது, சாயத் தொட்டி எது, கையில் கொப்புளம் வாங்கியவர்கள் யார் யார்? அந்தக் கூட்டு வேலை இல்லாமல் இந்த நிலமும் இல்லை, இந்தச் சுவர்களும் இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் எதுவும் இல்லை. ஷார்லோட்டே அம்மா தன் சிற்பத்தின் அடக்க விலையை ஒளிக்காமல் சொன்னார். அவர் காலத்துக்குப் பின்னும் அந்தக் குழாய்களைப் புதிதாகச் செய்து தருகிறவர்கள் அடக்க விலைக்குத்தான் தருகிறார்கள். அந்த வெளிப்படையான கணக்கு இங்கேயும் வேண்டும் என்பது என் ஆசை. இத்தனை முழம் துணி, இவ்வளவு மெழுகு, இத்தனை விற்பனை, நிலத்துக்கு இவ்வளவு என்று 1960-களில் யாரோ எழுதி வைத்த பேரேடு ஏதாவது ஒரு பீரோவில் இருந்தால், பணிக்கரின் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டி போட்டு அதைத் திறந்து வைக்க வேண்டும்.